கத்தி வைக்காத கிழமை

நவம்பர் 3, திங்கள்

நகைக்கடையில் சும்மா கொடுத்த டைரி. பத்து மாதமாக அரிசிப் பானைக்கு மூடியாக இருந்தது. நல்ல காரியம் ஒன்று நடக்கப்போகிறது, எழுதிவைக்கலாமே என்று எடுத்துத் தட்டினேன். உள்ளேயிருந்து இரண்டு கரப்பான் பூச்சிகள் விழுந்தன. இந்த வீட்டில் எதைத் தொட்டாலும் குமட்டுகிறது.

விஷயம் இதுதான். தூத்துக்குடியில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் குளோரின் பகுதியில் பதினான்கு வருடமாகக் காண்டிராக்ட் ஆபரேட்டராக இருக்கிறேன். வாயு கசிந்தால் அதை அடைக்க முதலில் ஓட ஆறு பேர் கொண்ட அவசரக் குழு அமைக்கிறார்கள். அந்த ஆறு பேருக்கும் வேலை நிரந்தரம். ஐந்து பேரை எடுத்தாகிவிட்டது. ஆறாவது இடத்துக்கு முதல் பெயர் கொம்பையா, அதாவது நான். எனக்கு அடுத்து ஜெபராஜ்.

ஒரே ஒரு சோதனைதான். மூக்கிலிருந்து தாடை வரை மூடுகிற ரப்பர் முகமூடியை மாட்டிவிட்டு, வாழைப்பழ வாசனை அடிக்கிற மருந்தைப் பஞ்சில் நனைத்து முகத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். வாசனை தெரியாவிட்டால் பாஸ். தெரிந்தால் முகமூடி ஒழுகுகிறது என்று அர்த்தம். மூன்று தடவை வாய்ப்பு உண்டு. மூன்றிலும் தோற்றால் இடம் ஜெபராஜுக்குப் போய்விடும்.

ஜெபராஜ் பீடி பிடிப்பான், ஞாயிற்றுக்கிழமை குடிப்பான். அவன் பேசினால் நான் இரண்டடி தள்ளி நிற்பேன். அப்படி நாறும் வாய். எனக்கு எந்தப் பழக்கமும் கிடையாது. பீடி இல்லை, குடி இல்லை, புகையிலையைத் தொட்டதே இல்லை. ஷிப்டில் கண் சொக்காமல் இருக்க இனிப்புப் பாக்குப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து இடது கடைவாயில் ஒதுக்கிக்கொள்வேன். கல்யாண வீட்டில் தாம்பாளத்தில் வைக்கிற பாக்கு, அவ்வளவுதான்.

நாளை செவ்வாய். செவ்வாய், வெள்ளி முகத்தில் கத்தி வைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. சாயங்காலமே சவரம் பண்ணிக்கொண்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

தோற்றுவிட்டேன்.

முகமூடியை மாட்டினார்கள். எத்தனை பேருடைய எச்சிலும் மூச்சும் அந்த ரப்பரில் ஊறிக்கிடக்கிறதோ. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தோம் என்கிறார்கள். பஞ்சை இடது கன்னத்துப் பக்கம் கொண்டுவந்ததும் அழுகின வாழைப்பழக் கூடைக்குள் தலையை விட்டது போல வாசனை ஏறியது.

சேப்டி ஆபீசர் டெரன்ஸ் சார் புறங்கையால் என் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"என்ன கொம்பையா, உப்புத்தாள் மாதிரி இருக்கு. ஷேவ் பண்ணலியா?"

"நேத்தே பண்ணிட்டேன் சார். இன்னைக்குச் செவ்வாக்கிழமை."

"முகமூடிக்குக் கிழமை தெரியாதுய்யா. முடி ஒரு நூல் இருந்தாலும் ரப்பர் ஒட்டாது."

ஒரு தாளைக் கொடுத்து, முகமூடியோடு சத்தமாக வாசிக்கச் சொல்லியிருந்தார். நாலு தடவை "வாயத் தொறந்து வாசிங்க" என்றார். நான் திறந்துதான் வாசித்தேன். அந்த மனுஷனுக்குக் காது மந்தம் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாய்ப்பு 14ஆம் தேதி, அதற்கடுத்தது 28. இரண்டும் வெள்ளிக்கிழமை. காலண்டரைப் பார்த்து வேண்டுமென்றே வைத்தது போல இருக்கிறது.

நவம்பர் 5, புதன்

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் காதர் பாய் கடைக்குப் போனேன். சலூன்காரர்கள் எல்லாம் அங்கேதான் சாமான் வாங்குவார்கள். வியாழக்கிழமை சவரம் பண்ணினால் வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை முகம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், அதற்கு என்ன வழி என்று கேட்டேன்.

இதுவரை நான் பயன்படுத்தியதைப் பிளாஸ்டிக் குப்பை என்றார். இரண்டு பக்கமும் கூருள்ள பிளேடைப் போட்டுத் திருகி மூடுகிற பித்தளை ரேசர் மூன்றை எடுத்து வைத்தார். பார்க்க மூன்றும் ஒன்று போலத்தான் இருந்தன.

"இது சாது. பிளேடுக்கும் கீழ்த்தகட்டுக்கும் இடைவெளி கம்மி. இது முரடு, இடைவெளி கூட, முடியை அடியில வச்சு எடுக்கும். இந்தா இது, தகட்டுல சீப்பு மாதிரி பல் வெட்டியிருக்கு பாத்தியளா, இது ரொம்ப முரடு. மொதல்ல சாதுவைக் கொண்டுபோங்க. அழுத்தக்கூடாது, ரேசரோட கனமே போதும். கன்னத்த நல்லா ஊதிக்கிடணும். தோல் விறைப்பா நின்னாத்தான் சுத்தமா வரும்."

சாதுவை வாங்கிக்கொண்டேன். பாய் காதுக்குள் விரலை விட்டுக் குடைந்துவிட்டு அதே விரலால் பிளேடு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பாக்கெட்டைக் கழுவினேன்.

நவம்பர் 7, வெள்ளி

கத்தி வைக்கவில்லை. முகம் அரிக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

என் பெண்டாட்டி பிரம்மசக்தி மீன் குழம்பு வைத்திருந்தாள். ஒரு வாய்தான் வைத்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த வீட்டில் யாருக்குக் கொலைவெறி என்று தெரியவில்லை, மிளகாயை அள்ளிக் கொட்டுகிறாள். தட்டைத் தள்ளிவிட்டுத் தயிர்ச் சோற்றைப் பிசைந்து குடித்தேன்.

என் தட்டிலிருந்த மீனை எடுத்து முள் பார்த்து அவளே சாப்பிட்டாள். எச்சில் தட்டு என்கிற கூச்சம்கூட இல்லை. சில பேருக்கு அருவருப்பு என்று ஒன்றைப் படைக்கவே இல்லை போல.

காண்டிராக்டர் தந்த புது யூனிபார்ம் பேன்ட் இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. துணி மட்டம். துவைக்கத் துவைக்க இழுத்துக்கொண்டே போகிறது. பெல்ட்டில் ஆணி வைத்து இன்னொரு ஓட்டை போட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

சாது ரேசரால் இரண்டு தடவை மேலிருந்து கீழாக, ஒரு தடவை கீழிருந்து மேலாக. ஆறு மணிக்குப் பண்ணினேன், எட்டு மணிக்குத் தடவினால் இடது கன்னத்தில் சொரசொரப்பு தட்டுகிறது. பாய் சொன்ன மாதிரி கன்னத்தை ஊதிப் பார்த்தேன். காற்று உதட்டு வழியாகப் போய்விடுகிறது. வாய்க்குள் நாக்கை விட்டுக் கன்னத்தை வெளியே தள்ளலாம் என்றால் நாக்கு இடிக்கிறது, புண் எரிகிறது. சித்திரைத் திருவிழாச் சமயத்தில் சாப்பிடும்போது பல் கடித்த புண். கடித்த இடத்திலேயே மறுபடி மறுபடி கடிபட்டால் எப்படி ஆறும்.

வாஷ்பேசினில் நுரையும் முடியும் திட்டுத் திட்டாக ஒட்டிக்கிடந்தது. என்னுடைய முடிதான். ஆனாலும் பார்க்கச் சகிக்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

இரண்டாவது தடவையும் வாழைப்பழம்.

டெரன்ஸ் சார் இந்தத் தடவை மீசையைக் கை காட்டினார். மீசை ஓரம் கன்னத்துப் பக்கம் இறங்கி ரப்பருக்கு அடியில் மாட்டுகிறதாம். அதுவும் போக, இடது கன்னம் இன்னும் சுத்தமாக வரவில்லையாம்.

ஜெபராஜ் வெளியே உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். "என்ன வே, முடி சதி பண்ணுதோ" என்று சிரித்தான். பல் இடுக்கெல்லாம் கறுப்பு. இந்த வாயை வைத்துக்கொண்டு இவன் நிரந்தர ஊழியனாகக் கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து சாப்பிடுவான் என்று நினைத்தாலே வாந்தி வருகிறது.

நவம்பர் 16, ஞாயிறு

பாய் கடை. முரடை வாங்கினேன். அதோடு படிகாரக் கட்டி ஒன்று.

வீட்டுக்கு வந்து மீசையை எடுத்தேன். இருபத்திரண்டு வருட மீசை. கண்ணாடியில் யாரோ ஒருத்தன் நின்றான். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் வெளுத்துப்போன ஒரு பட்டை, கன்னம் இரண்டு பக்கமும் ஒடுங்கி, பசியெடுத்த ஆட்டு மூஞ்சி. இவ்வளவு அசிங்கத்தையா மீசை மறைத்துக்கொண்டிருந்தது.

பிரம்மசக்தி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். "சாப்பிட்டாத்தான கன்னத்துல சதை இருக்கும்" என்றாள். மீசை இல்லாததால் அப்படித் தெரிகிறது என்று சொன்னேன்.

நவம்பர் 18, செவ்வாய்

கேட்டில் செக்யூரிட்டி, டீக்கடையில் மாஸ்டர், பஸ்ஸில் ஒரு கிழவர். எல்லாரும் ஒரே கேள்வி: "யாரு தவறிட்டா?"

எங்கள் பக்கத்தில் அப்பன் செத்தால்தான் மீசை எடுப்பார்கள். என் அப்பா செத்து இருபத்திரண்டு வருடமாகிறது. யாரும் சாகவில்லை, கம்பெனி வேலைக்காக எடுத்தேன் என்று பதினேழு பேருக்கு விளக்கம் சொன்னேன். பதினெட்டாவது ஆளிடம் மாமா தவறிவிட்டார் என்று சொல்லிவிட்டேன். அவன் துட்டி கேட்க எப்போது வரட்டும் என்று விலாசம் கேட்கிறான்.

நவம்பர் 20, வியாழன்

முரடு நன்றாகத்தான் எடுக்கிறது. வலது கன்னம் பளிங்கு. இடது கன்னத்தில்தான் ரேசர் வழுக்காமல் பள்ளத்தில் விழுந்து வெட்டுகிறது. நாலு இடத்தில் ரத்தம். படிகாரத்தைத் தேய்த்தால் உயிர் போகிறது. வெள்ளை நுரையில் ரத்தம் கலந்து ரோஸ் கலரில் சொட்டியதைப் பார்த்துவிட்டு, மத்தியானம் ரோஸ் மில்க் கேட்ட பிரம்மசக்தியை அதட்டினேன்.

ரசத்தில்கூட மிளகாய் போடுகிறாள். இன்று நேராகவே கேட்டேன்.

"ஏட்டி, மனுசன் திங்கணுமா வேண்டாமா? எதுக்கு இவ்வளவு காரம்?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒரு மாசமாச்சு நான் மிளகாயைக் கையால தொட்டு. மீன் குழம்புக்கும் போடல, ரசத்துக்கும் போடல. எனக்குத் தனியா ஊறுகா வச்சுத் திங்குதேன். இன்னுமா ஒங்களுக்கு எரியுது?"

மிளகு போட்டிருப்பாள். அதைச் சொல்ல மாட்டாள்.

நவம்பர் 22, சனி

பல் துலக்கும் பிரஷ் புதிதாக வாங்கினேன். குழந்தைகள் பிரஷ், பிடியில் ஒரு வாத்து. பெரியவர்களுக்கென்று விற்பதெல்லாம் மாடு குளிப்பாட்டுகிற பிரஷ், வாய்க்குள் போக வேண்டாமா.

நவம்பர் 24, திங்கள்

சீப்புப் பல் ரேசரையும் வாங்கிவிட்டேன். காதர் பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுக்கவே யோசித்தார்.

"அண்ணாச்சி, ரேசர்ல ஒண்ணும் கோளாறு இல்ல. நீங்க கன்னத்த ஊதுறதே இல்ல போலருக்கே. எங்க, ஊதுங்க பாப்போம்."

கடையில் நாலு பேர் நிற்கும்போது வாயை ஊதிக்காட்ட நான் என்ன பலூன் விற்பவனா? பாக்கு போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வெட்டுக்காயங்கள் எல்லாம் சின்னச் சின்னக் கொப்புளமாகியிருக்கின்றன. முடி உள்ளேயே சுருண்டு வளர்கிறது. ஒன்றை ஊசியால் குத்தி எடுத்தேன். சீழ் வந்தது. அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

நவம்பர் 27, வியாழன்

நாளை கடைசி வாய்ப்பு. எவ்வளவு முரட்டு ரேசராக இருந்தாலும் இன்றைக்குப் பண்ணி நாளைக்கு நிற்காது என்று புத்திக்குத் தெரிந்துவிட்டது. நாளை காலையிலேயே சவரம் பண்ணப்போகிறேன் என்று பிரம்மசக்தியிடம் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமையா? வெளக்கேத்துற வீட்டுல?"

"பதினாலு வருசத்து வேலைட்டி. ஒரு நாள்தான."

"கிழமைக்குச் சொல்லல. அந்த மூஞ்சில இனி கத்தி வைக்க எடம் எங்க இருக்கு? டாக்டர்ட்ட போங்கன்னு பத்து நாளா சொல்லுதேன்."

சவரம் பண்ணக்கூட டாக்டர் வேண்டுமா என்று கேட்டேன். அழுதாள். ஒரு முந்நூறு தடவை அழுதிருப்பாள் இந்த வீட்டில். மூக்கைச் சேலையில் துடைக்காமல் ஒரு தடவையாவது அழுதிருக்கிறாளா என்றால் இல்லை.

நவம்பர் 28, வெள்ளி

காலை ஆறரைக்கு, சீப்புப் பல் ரேசர், புது பிளேடு. வெந்நீர்த் துணியைப் பத்து நிமிடம் முகத்தில் வைத்திருந்தேன். அழுத்தவே இல்லை. இடது கன்னத்தை வெளியிலிருந்து இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு எல்லாத் திசையிலும் ஓட்டினேன். மூன்று வெட்டு. ஆனால் முடி என்று ஒன்று இல்லை. பட்டுத் துணியை வைத்துத் தேய்த்தால்கூட ஒரு நூல் சிக்காது. வெள்ளிக்கிழமையில் கத்தி வைத்தது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. சாமி படத்துப் பக்கம் திரும்பாமல் செருப்பை மாட்டினேன்.

டெரன்ஸ் சார் கன்னத்தைத் தடவினார். வலது, இடது, தாடைக்கு அடியில். "சபாஷ்" என்றார். முகமூடியை மாட்டினார்கள். வார் இரண்டையும் இறுக்கினார்கள். பஞ்சு வந்தது.

வாழைப்பழம்.

நான் சொல்லவில்லை. ஒன்றும் தெரியாத மாதிரி நின்றேன். தலையைத் திருப்பச் சொன்னார், திருப்பினேன். குனியச் சொன்னார், குனிந்தேன். நெஞ்சு முழுக்க அந்த வாசனை. சொல்லாமல் இருந்தால் பாஸ். எத்தனை வருடமாக இந்த வேலைக்காக நாயாக அலைந்திருக்கிறேன். பிறகு அவர் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். இரண்டாவது வரியில் எனக்கு இருமல் வந்துவிட்டது.

"வாசனை தெரியுதா கொம்பையா? உண்மையச் சொல்லுங்க. நாளைக்கு பஞ்சு இருக்காது, குளோரின் இருக்கும்."

தெரிகிறது என்றேன்.

அவர் முகமூடியைக் கழற்றாமல் இடது பக்கம் வந்து நின்று பார்த்தார். ரப்பருக்கும் என் கன்னத்துக்கும் நடுவில் அவருடைய சுண்டுவிரல் தாராளமாகப் போனது. "முடி இல்லய்யா. ஒரு மாசமா முடிய முடியன்னு ஒங்களப் பாடாப் படுத்திட்டேன். இங்க கன்னமே இல்லயே" என்றார். போன வருட உடல் சோதனைக் காகிதத்தை எடுத்து வரச் சொல்லி என்னை எடை மெஷினில் ஏற்றினார். போன வருடம் எழுபத்தொன்று. இப்போது ஐம்பத்தெட்டு. காண்டிராக்டருடைய துணி இழுக்கவில்லை.

கம்பெனி டாக்டரம்மா சின்னப் பெண். மூன்று விரலை நெட்டுக்குத்தாக வாய்க்குள் வைக்கச் சொன்னாள். ஒன்று போனது. இரண்டாவது போகவில்லை. கையுறை போட்டுக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தாள். கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, தோல்வார் போல இறுகிவிட்டதாம். அந்த விறைப்பால்தான் வாய் திறக்கவில்லை, ஊத முடியவில்லை, காரம் எரிகிறது. கடைவாய்ப் புண்ணை அவள் தொட்டபோது நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"ஒரு மாசம் இருக்கும்."

"புகையிலை போடுவீங்களா?"

"அந்த நாத்தமே எனக்கு ஆகாதும்மா. வெறும் பாக்குதான்."

"வெறும் பாக்கே போதும் சார்" என்றாள்.

திங்கட்கிழமை திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் புண்ணிலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பார்களாம். வீட்டு ஆள் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். என்னவாக இருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

வெளியே வந்தபோது ஜெபராஜ் முகமூடிச் சோதனைக்கு உள்ளே போனான். ஐந்து நிமிடத்தில் பாஸாகித் திரும்பி வந்தான். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பீடிக் கட்டை எடுத்தவன் மறுபடி பையிலேயே போட்டுக்கொண்டான். அவனுக்கு வாய் நாறுகிறது என்று இருபத்தைந்து நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நாறியது யார் வாய் என்று கம்பெனியில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். இரண்டடி தள்ளி நின்றது அவர்களாகவும் இருக்கலாம்.

நவம்பர் 29, சனி

டாக்டரம்மா சொன்னதை நேற்றிலிருந்து பிரம்மசக்தியிடம் சொல்லவில்லை. பாஸா என்று கேட்டாள், இல்லை என்றேன். சரி போகட்டும் என்றாள். இட்லியைப் பொடி பண்ணிப் பாலில் ஊறவைத்துக் கொண்டுவந்தாள். அதை அவள் எத்தனை நாளாக இப்படித் தருகிறாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஐப்பசி பிறந்ததிலிருந்து என்று நினைக்கிறேன். நான் கேட்கவே இல்லை, அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

டாக்டர் சீட்டைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். துவைக்க எடுத்தவள் படித்துவிட்டாள். சட்டையைக் கையில் பிடித்தபடி ஈரக்காலோடு கூடத்துக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"எங்க, காட்டுங்க."

வேண்டாம் என்றேன். காலையில் கண்ணாடியில் கரண்டியை வைத்துக் கன்னத்தை விலக்கி நானே பார்த்திருந்தேன். வாந்தி எடுத்தேன். வெள்ளையும் சிவப்பும் கலந்து, ஓரம் தடித்து, சுற்றிலும் பாக்குக்கறை. என் வாய்க்குள் இருப்பது அது. இன்னொருத்தர் பார்க்கிற சங்கதி இல்லை. நாற்றம் வேறு. இதை அவளிடம் எப்படிச் சொல்வது.

"நாத்தமடிக்கும்டி."

"எனக்குத் தெரியாதா?" என்றாள். "பக்கத்துல படுக்கிறவளுக்குத் தெரியாதா? சித்திரையிலருந்து தெரியும். சொன்னா மூஞ்சிய முறிப்பிய, அதான் சொல்லல. சொல்லாம விட்டது என் தப்பு."

ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு என்னை உட்காரவைத்தாள். வெயில் நேராக முகத்தில் விழுந்தது. போன் டார்ச்சையும் போட்டுக்கொண்டாள். தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள், வெட்டுக்காயத்தில் படாமல் பிடித்தாள். முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அவள் அடக்கவில்லை. கண்ணைக்கூடச் சுருக்கவில்லை. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி நிதானமாகப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் தொறங்க. உள்ள சரியாத் தெரியல" என்றாள்.

"அவ்ளோதாண்டி தொறக்கும்" என்றேன்.